மூச்சும் நினைவும்

‘நினைவு’ என்னும் தமிழ்ச் சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒருவன் விழுந்து கண் திறவாது கிடந்தால், “நினைவு தப்பிவிட்டது” என்கிறோம். அவனே எழுந்து நடமாடிய பின், நேற்றைய செய்தி ஒன்றை மறந்துவிட்டால், “நினைவில் இல்லை” என்கிறோம். விழிப்புக்கும் ஞாபகத்துக்கும் ஒரே சொல். வேறு சில மொழிகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதைக் கண்ட மாணாக்கர், இது நம் மொழிக்கு ஒரு குறை அன்றோ என்று என்னை வினவுவதுண்டு. குறை என்று நான் கருதவில்லை. மேனாட்டு வைத்தியசாலைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக வெளிவரும் ஆய்வுகளைப் படிக்குந்தோறும், விழிப்பைக் காவாதவன் ஞாபகத்தையும் காக்கமாட்டான் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லி வைத்திருக்கிறதென்று எண்ணத் தோன்றுகிறது.

நேயர்களே, வைத்தியம் நான் கற்ற துறையன்று. நான் கலைப் பட்டதாரி. அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். எனினும், தச்சனுக்கு மரம் எப்படியோ ஆசிரியனுக்கு நினைவாற்றல் அப்படி. அதன் வலிமையையும் நொய்மையையும் முப்பது ஆண்டுகளாக அன்றாடம் கையாண்டு வருகிறோம். ஆகவே, ஒரு மனிதனுக்காக இயந்திரம் மூச்சு விடும் நாட்களில் அவனுடைய நினைவுக்கு நேர்வது யாது, அதனை எவ்வாறு காக்கலாம் என்பனபற்றிப் பேச எனக்கும் ஓரளவு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

செயற்கைச் சுவாச இயந்திரம் என்பது யாது? கடும் நியுமோனியா, இரத்தத்தில் நஞ்சேறிய காய்ச்சல், பெரும் விபத்து, பூச்சிகொல்லி நஞ்சு ஆகியவற்றால் நுரையீரலோ மூச்சை இயக்கும் தசைகளோ சோர்ந்துபோகும் பொழுது, வாயினூடாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி அதன்வழியே காற்றை உட்செலுத்துகிறார்கள். நாம் மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. இயந்திரமோ வெளியிலிருந்து தள்ளுகிறது. அக்குழாய் குரல்நாண்களுக்கு நடுவே செல்வதால் நோயாளி பேச முடியாதவனாகிறான். தொண்டையில் ஓயாத உறுத்தல் உண்டாகிறது. அதனைப் பொறுத்துக்கொள்ளும்பொருட்டு உறக்கமூட்டும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். நம் கதையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்பு, இச்சிகிச்சை பிறந்த இடத்துக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1952 ஆம் ஆண்டின் கோடையில் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. தொற்றுநோய்களுக்கென அமைந்த பிளெக்டாம் வைத்தியசாலையில் நோயாளர் நாள்தோறும் வந்து குவிந்தனர். அங்கே மூச்சுக்கு உதவ இருந்தவை, உடலை உள்ளே வைத்து மூடும் இரும்புப்பெட்டி இயந்திரம் ஒன்றும், மார்பில் மட்டும் கவசம்போற் பூட்டும் சிறு கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் மூச்சும் விழுங்கும் ஆற்றலும் தளர்ந்து வந்த 31 பேரில் 27 பேர் இறந்தனர். இந்நிலையில், மயக்கமருந்து வைத்தியராகிய பியோர்ன் இப்சன் என்பவர் அழைக்கப்பட்டார். ஆகஸ்ட் 27 ஆந் திகதி, இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே துளையிடச் செய்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி, ஒரு இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்குக் காற்றூட்டத் தொடங்கினார். சிறுமி மூச்சுமுட்டித் திணறினாள். இப்சன் சிறிது மயக்கமருந்து கொடுத்தார். திணறல் அடங்கியது, பை அவளுக்காக மூச்சு விட்டது, நீலம் பாய்ந்த உடம்பு மீண்டும் செம்மை பெற்றது. அவள் பிழைத்தாள்.

ஒரு சிறுமிக்குச் செய்ததை அந்த வைத்தியசாலை முழுவதற்கும் எவ்வாறு செய்வது? இயந்திரம் இல்லை, கைகள் இருந்தன. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணாக்கரும் பல்வைத்திய மாணாக்கரும் முறைவைத்து வந்து, நோயாளர் ஒவ்வொருவரின் அருகிலும் அமர்ந்து, பகலும் இரவும் பை அமுக்கினர். ஒரே வேளையில் எழுபது நோயாளர்வரை இவ்வாறு மனிதக் கைகளால் மூச்சு விட்ட நாட்களும் இருந்தன. நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு வீதம் சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இறப்பு வீதத்தோடு நிறுத்திவிடுகின்றனர். என் மனம் நின்ற இடம் வேறு. அந்த நோயாளர் விழித்திருந்தார்கள். இளம்பிள்ளைவாதம் தசையைக் கெடுக்குமேயன்றி அறிவைக் கெடுப்பது அரிது. பை அமுக்கிய மாணாக்கன் நோயாளியின் முகத்தைப் பார்த்தே காற்றுப் போதுமா, மிகுதியா என்று அறிந்தான். கண்ணசைவும் உதட்டசைவும் அவர்களுக்குள் மொழியாயின. பிள்ளைகளுக்கு அவர்கள் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டினர். இருபது வயதுகூட நிரம்பாத சிலர், தம் கையில் ஒரு குழந்தையின் மூச்சை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் அதனோடு பேசியிருந்தார்கள். மூச்சைக் கொடுத்த கையும் நினைவுக்குத் துணையிருந்த குரலும் ஒரே ஆளுடையவை.

பின்னர் இயந்திரம் வந்தது. சுவீடனில் எங்ஸ்ட்ரோம் என்பவர் செய்த இயந்திரம் மாணாக்கரின் கைகளுக்கு ஓய்வளித்தது. 1953 இன் இறுதியில் இப்சன் கொப்பன்ஹேகனின் மாநகர வைத்தியசாலையில் இத்தகைய நோயாளருக்கென ஒரு தனிப் பிரிவைத் திறந்தார். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் அதனையே மூதாதையாகக் கொள்கின்றனர். உயிர் காக்கும் ஆற்றல் ஆண்டுக்காண்டு வளர்ந்தது. ஆனால் கை போனபோது, கைக்குரியவனின் முகமும் மெல்ல மெல்லக் கட்டிலருகிலிருந்து அகன்றது. 1980 களிலும் 1990 களிலும் உறக்கமருந்தை நரம்பினூடாக இடைவிடாது செலுத்தி, இயந்திரத்திலுள்ளவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருப்பதே வழக்கமாயிற்று. இதனைக் கொடுமை என்று எவரும் கருதவில்லை. கருணை என்றே கருதினர். குழாயின் துன்பம் தெரியாமலிருக்கட்டும் என்பதே நோக்கம். 1967 இல் கடும் நுரையீரற் செயலிழப்பு நோயை முதன்முதல் விவரித்த வைத்தியருள் ஒருவராகிய தொமஸ் பெற்றி, 1998 இல் எழுதிய ஒரு தலையங்கத்தில், தாம் தொழில் தொடங்கிய காலத்தில் இயந்திரத்திலிருந்தோர் விழிப்போடு இருந்ததையும், இப்பொழுது பிரிவு முழுவதும் அசைவற்ற உடல்களாய்க் கிடப்பதையும் ஒப்பிட்டு வருந்தினார். முதியவர்கள் பழமையைப் புகழ்வது வழக்கந்தானே என்று அதனைத் தள்ளிவிட்டவர்களும் இருந்திருப்பர்.

மருந்தினால் வரும் மயக்கம் உறக்கமன்று. உறக்கத்தில் மூளை தன் வேலையைச் செய்கிறது. பகலில் கற்றதை இரவில் அடுக்கி வைக்கிறது. பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதும் கண்விழித்துப் படித்த பிள்ளை மறுநாள் வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. மருந்து மயக்கத்தில் அந்த அடுக்கும் வேலை நடைபெறுவதில்லை. அதனோடு நோயின் அழற்சியும் பிராணவாயுக் குறைவும், ஓயாத மணியோசையும், இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சமும் சேர்கின்றன. இவற்றின் விளைவாகத் தோன்றுவதை நம் முன்னோர் ‘சன்னி’ என்றனர். சன்னி என்றதும் பிதற்றுவதும் கட்டிலைவிட்டு எழுந்தோடுவதும் நம் மனத்தில் தோன்றும். அவ்வாறு வருவதை எவரும் கண்டுகொள்வர். ஆபத்தானது அமைதியான சன்னி. நோயாளி கண்ணை மூடியோ, முகட்டை வெறித்துப் பார்த்தோ பேசாமற் கிடப்பார். “நல்ல அமைதியாக இருக்கிறார்” என்று பார்ப்போர் மகிழ்வர். உள்ளேயோ காலமும் இடமும் உருக்குலைந்திருக்கும்.

பேச முடியாத ஒருவரிடம் சன்னி உண்டா இல்லையா என்று அறிவதெப்படி? அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி ஈலியும் அவருடைய குழுவினரும் 2001 இல் இதற்கொரு முறையை வெளியிட்டனர். தாதி ஒருவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். குறித்த ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி அவர் கையை அமுக்க வேண்டும். பின்னர், ‘கல் நீரில் மிதக்குமா?’, ‘கடலில் மீன் உண்டா?’ என்பனபோன்ற கேள்விகள். தலையசைத்து விடை கூறினாற் போதும். ஏறக்குறைய நம் முதலாம் வகுப்புப் பரீட்சைதான். நேற்றுவரை கணக்கியல் ஐந்தொகைகளைப் பார்த்து வந்தவர், கல் மிதக்குமென்று தலையசைப்பார். இப்பரீட்சையைக் கொண்டு அவர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திரத்திலிருந்த 224 பேரில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சன்னி கண்டிருந்தது. சன்னி கண்டோர் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் அபாயம் ஏனையோரிலும் மும்மடங்காக இருந்தது.

பிழைத்தோரின் நிலை யாது? அதே குழுவினர் 821 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 2013 இல் வெளியிட்ட பெறுபேறுகளே என்னை இவ்விடயத்தில் ஆழ இழுத்தவை. அந்த 821 பேரில் மூளைத் தளர்ச்சி முன்னரே இருந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. வைத்தியசாலையில் நூற்றுக்கு 74 பேருக்குச் சன்னி கண்டது. ஓராண்டு கழித்துப் பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 34 பேரின் புள்ளிகள், தலையில் நடுத்தரக் காயம் பட்டோரின் புள்ளிகளை ஒத்திருந்தன. நூற்றுக்கு 24 பேர் அல்சைமர் எனப்படும் மறதி நோயின் தொடக்க நிலையிலுள்ளோரை ஒத்திருந்தனர். இவர்கள் எல்லாரும் முதியவர்களல்லர், இளையோரும் இருந்தனர். சன்னி எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்கு நினைவின் இழப்பும் கூடியிருந்தது.

இப்புள்ளிகளை வீட்டு மொழியிற் சொல்வதானால், கடைக்காரர் மிச்சக் காசை மூன்று முறை எண்ணுகிறார். அரிசியை அடுப்பில் ஏற்றிய அம்மா அதனை மறந்து கிணற்றடியில் நிற்கிறார். ஆசிரியை வகுப்பறை வாசலில் நின்று, இருபது ஆண்டுகளாகக் கற்பித்த பாடத்தின் அடுத்த வசனத்தைத் தேடுகிறார். “நோயிலிருந்து தேறிவிட்டார், இனி என்ன சோம்பல்?” என்று சுற்றத்தார் சொல்லத் தொடங்கும் காலமும் அதுவே. நுரையீரலின் படத்தில் ஒன்றும் இருக்காது. 2010 இல் அமெரிக்காவில் கூடிய தீவிர சிகிச்சை வல்லுநர்கள் இந்நிலைக்கென ஒரு தனிப்பெயரை வகுத்துக் கொடுக்கும்வரை, தமக்கு நேர்ந்தது நோயின் தொடர்ச்சிதான் என்று சொல்லிக்கொள்ளவும் இவர்களுக்குச் சொல் இருக்கவில்லை.

மூளைக்குள் நடப்பதைப்பற்றி ஒரு குறிப்புக் கூறி அப்பாற் செல்கிறேன். நினைவைச் சேர்த்து வைப்பதிற் பெரும்பங்கு கொள்ளும் ஒரு சிறு பகுதி மூளையின் உட்புறத்தில் உண்டு. கடற்குதிரையைப் போல் வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அப்பெயரையே அதற்கு இட்டனர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் எலிகளில் நடத்தி 2013 இல் வெளியிட்ட பரிசோதனையில், இயந்திரம் காற்றைத் தள்ளி நுரையீரலை விரிக்கும் செயலே நரம்புவழிச் செய்தியாகச் சென்று அப்பகுதியின் உயிரணுக்களை மாளச் செய்வதைக் கண்டனர். கனடாவில் பன்றிகளை வைத்து நடத்திய பரிசோதனை 2021 இல் வெளிவந்தது. மூச்சை இயக்கும் உதரவிதானத்தின் நரம்பை இயந்திரத்தின் தாளத்துக்கு இசையத் தூண்டி, விலங்கின் சொந்தத் தசையையும் வேலை செய்ய வைத்தபோது அவ்வழிவு குறைந்தது. இவை விலங்குகளிற் கண்டவை. மனிதருக்கும் அப்படியே என்று இன்றே சொல்லிவிட முடியாது. எனினும் தன் மூச்சைத் தானே விடும் உடம்புக்கும், பிறிதொன்று தள்ளுவதை ஏற்றுக் கிடக்கும் உடம்புக்கும் வேறுபாடு உண்டென்பதை அவை காட்டுகின்றன.

இனிக் காக்கும் வழிகள். இழந்த நினைவை மீட்கும் மருந்தோ, சன்னியைத் தீர்க்கும் மாத்திரையோ கிடைக்குமென்று நெடுங்காலம் நம்பினர். ஹலோபெரிடோல் முதலிய மருந்துகளை 566 நோயாளரிடம் சோதித்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அம்மருந்துகளாற் சன்னி ஒரு நாளேனும் குறையவில்லை. பயன் தந்தவை எல்லாம் மருந்தைக் குறைக்கும் வழிகளாகவே இருக்கின்றன.

இதில் முதற் படியை எடுத்துவைத்தது சிக்காகோ. 2000 ஆம் ஆண்டில் அங்கே 128 நோயாளரிடம் ஓர் எளிய காரியத்தைச் செய்து பார்த்தனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் ஒருமுறை உறக்கமருந்தை நிறுத்தி, அவர்கள் கண்விழிக்கும்வரை காத்திருந்தனர். அவர்கள் இயந்திரத்தில் இருந்த காலத்தின் இடைமதிப்பு 4.9 நாட்கள், மற்றச் சாராருக்கு 7.3 நாட்கள். 2008 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 336 பேரிடம், விழிப்பூட்டுவதோடு நாள்தோறும் சொந்தமாக மூச்சு விடவும் விட்டுப் பார்த்தனர். இம்முறையில் ஏழு பேரைப் பராமரித்தால், வழமையான முறையில் ஓராண்டுக்குள் இழந்திருக்கக்கூடிய ஓருயிரைக் காக்கலாமென்று கணக்கிட்டனர். அவர்களுடைய சிந்தனையாற்றல் மூன்று மாதத்தில் ஏனையோரிலும் நன்றாயிருந்தது. பன்னிரண்டு மாதத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. இதனையும் சொல்லியாக வேண்டும். விழிப்பு மாத்திரம் போதாது.

அந்தப் பற்றாக்குறையை நிரப்பியது நடமாட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிக்காகோ முதலிய இடங்களில் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 104 பேரில் ஒரு சாராரை, இயந்திரத்தில் ஏற்றிய ஓரிரு நாட்களுக்குள்ளேயே கைகாலை அசைக்கவும், கட்டிலின் ஓரத்தில் அமரவும், முடிந்தோரை எழுந்து நிற்கவும் பழக்கினர். குழாய் வாயில் இருக்க நடந்தவர்களும் உண்டு. சன்னி நீடித்த காலம் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. அதே நகரில் 200 பேரைக் கொண்டு செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்வுதான் நம் பொருளுக்கு நேரடியானது. ஓராண்டின் பின் சிந்தனைக் குறைபாடு, விரைந்து எழுப்பி நடமாட வைத்தோரில் நூற்றுக்கு 24 பேருக்கும், வழமைப்படி விடப்பட்டோரில் நூற்றுக்கு 43 பேருக்கும் காணப்பட்டது. ஆனால் நோயாளரை அளவுக்கு மீறி உழைப்பித்தாற் பயனில்லை, தீங்கும் உண்டு என்று அவுஸ்திரேலியா முதலிய ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடத்திய ஆய்வு 2022 இல் எச்சரித்தது. வகுப்பில் மெதுவாகக் கற்கும் பிள்ளையை முன்னே தள்ளுவதிலும் இதே அளவறிவு வேண்டும்.

டென்மார்க்கோ தன் பழைய வழிக்கே திரும்பிப் பார்த்தது. ஓடென்ஸ நகர வைத்தியசாலையில், நோவுக்கு மாத்திரம் மருந்து கொடுத்து, உறக்கமருந்து அறவே கொடாமல் 140 பேரிற் செய்த சோதனை 2010 இல் வெளிவந்தது. மருந்தின்றி இருந்தோர் இயந்திரத்திலிருந்து முந்தி விடுபட்டனர். ஆனால் ஆர்ப்பரிக்கும் சன்னி அவர்களிடையே மிகுந்தது. அவர்களருகே இருந்து தேற்ற ஆட்களும் வேண்டியிருந்தனர். 2020 இல் 700 பேரளவில் மீண்டும் சோதித்தபோது, இலேசான மருந்து கொடுத்து நாள்தோறும் விழிப்பூட்டப்பட்டோருக்கும் இவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லையென்று தெரிந்தது. ஆகவே ஆழ்ந்த மயக்கமே தீது. இலேசான மருந்து தீதன்று. 2018 இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை வைத்தியச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் இலேசான மயக்கத்தையே விதந்துரைக்கிறது. சன்னியை வளர்க்கும் பென்சோடயசெப்பீன் வகை மருந்துகளை இயன்றவரை தவிர்க்கவும் சொல்கிறது. ஆழ்ந்த மயக்கம் இன்றியமையாத நோய்களும் உள. ஏற்புவலி, ஓயாத வலிப்பு, மண்டையோட்டுள் அழுத்தம் உயர்ந்த காயம், தசைகளை முற்றாகத் தளரச் செய்யவேண்டிய கடும் நுரையீரல் நோய் ஆகியவற்றில் வைத்தியர் அதனையே தேர்ந்தால், உறவினர் அவரோடு வாதிடுதல் ஆகாது.

நம் நாட்டில் கட்டுவிரியன் கடியை அறியாத வறண்ட வலயக் கிராமம் இல்லை. தரையிற் பாய் விரித்து உறங்குவோரை அது இரவிலே தீண்டுகிறது. கடித்த இடத்திற் பெரும்பாலும் நோவும் வீக்கமும் இரா. விடியுமுன் இமை சோர்ந்து, நாக்குக் குழறி, மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. வைத்தியசாலைக்கு உரிய வேளையில் சேர்த்தால் சில நாட்கள் இயந்திரம் மூச்சு விட்டு அவரைக் காப்பாற்றிவிடும். அந்த நாட்களில் அவரைப் பார்ப்பவருக்குப் பிணமென்றே தோன்றும். இமை திறவாது, கண்மணி சுருங்காது, விரலும் அசையாது. சிலருடைய நினைவு நஞ்சினால் மங்கிப்போவதுண்டு. வேறு சிலரோ உள்ளே விழித்திருந்து, கட்டிலருகிற் பேசுவதனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்பர். செத்த வீட்டுக்கு யார் யாருக்கு அறிவிப்பதென்ற ஆலோசனையை அந்தக் கட்டிலருகில் நடத்துவோரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அசையாதவன் அறியாதவன் என்று கொள்வது எத்தகைய பிழையென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

உறவினரின் குரல் வெறும் ஆறுதலுக்கு மட்டும் உரியதென்று எண்ணாதீர்கள். கொவிட் கொள்ளைநோயின்போது 14 நாடுகளில் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்த 2,088 நோயாளரை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டனர். பென்சோடயசெப்பீன் பெற்றோருக்குச் சன்னி மிகுந்தும், குடும்பத்தாரை நேரிலோ தொலைத்திரையிலோ காண வாய்த்தோருக்குக் குறைந்தும் இருந்தது. அதற்கு முன்னரே, 2017 இல் அமெரிக்காவில் முப்பது பேரை மாத்திரம் கொண்ட ஒரு சிறு ஆய்வில், வீட்டாரின் குரலில் “நீங்கள் வைத்தியசாலையில் இருக்கிறீர்கள், வாயில் குழாய் இருப்பதாற் பேச முடியாது” என்பனபோன்ற செய்திகளைப் பதிவுசெய்து, மணிக்கொருமுறை கேட்கச் செய்தனர். அந்நியர் குரலில் அதே செய்தியைக் கேட்டோரைவிட வீட்டார் குரலைக் கேட்டோருக்குச் சன்னியற்ற நாட்கள் கூடுதலாயின. ஒலிபரப்பு நிலையமொன்றில் அமர்ந்து, முகம் காணாத உங்களோடு பேசுகின்ற எனக்கு இவ்வாய்வின்மேல் ஒரு தனி அன்பு உண்டு.

நம் வைத்தியசாலைகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நோயாளிக்கு நாளும் இடமும் சொல்லித் தெளிவூட்டுவது அவருடைய மொழியில் நடைபெற வேண்டும். சிங்களம் அறியாத வயோதிபர், தமிழறியாத தாதி. அல்லது தமிழறியாத விவசாயி, சிங்களம் அறியாத தாதி. நலமுள்ளவன் சைகையாற் சமாளித்துக்கொள்வான். கல் மிதக்குமா என்று தடுமாறும் மூளைக்குச் சைகை போதாது. “இது வைத்தியசாலை”, “இன்று புதன்கிழமை”, “நோகிறதா?”, “கையை அமுக்குங்கள்” என்ற நாலைந்து வசனங்களை இரு மொழியிலும் ஓர் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளே ஒரு பிற்பகலில் எழுதித் தந்துவிடுவர். மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் வீட்டு அலுமாரியிற் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, “அப்பா எங்களை அடையாளம் காணவில்லை” என்று அழுவோரும் நம்மிடையே உண்டு. அனுமதி கிடைக்கும் சில நிமிடங்களில் அவற்றை அணிவித்து, உங்கள் பெயரைச் சொல்லி, அன்றைய நாளைச் சொல்லி, வீட்டுச் செய்தியில் ஒன்றிரண்டு சொல்லுங்கள். விடை வரவில்லையென்று நிறுத்திவிட வேண்டாம்.

நினைவைக் காப்பதில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் கருவி ஒரு கொப்பி. மயக்கத்தில் வைக்கப்பட்டிருந்தோர் பலர் மீண்டபின், அந்நாட்களைப்பற்றி ஒன்றும் நினைவில்லாதிருப்பதோடு, நடவாதவற்றை நடந்தனவாகவும் நினைத்திருப்பர். தாதியர் தம்மைக் கொல்ல முயன்றார்களென்றும், தாம் ஏதோ கப்பலிற் கட்டி வைக்கப்பட்டிருந்தோமென்றும் உறுதியாக நம்புவர். இங்கிலாந்திலே கிறிஸ்டினா ஜோன்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வு, உண்மை நினைவு ஒன்றுமில்லாமல் இப்பொய்நினைவுகளோடு மட்டும் வீடு திரும்பியோரே பின்னர் பேரச்சத்தால் வருந்துகின்றனர் என்று காட்டிற்று. நோவோடும் குழாயோடும் கூடியதாயினும், உண்மை நினைவு ஒன்று இருப்பது மனிதனுக்குக் காவலாகிறது. மயக்கம் கருணையென்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பை நான் கண்டதில்லை.

வட ஐரோப்பியத் தாதியர் இதற்கு நெடுநாளாக ஒரு வழி கண்டு வைத்திருந்தனர். நோயாளிக்காக அவர்களும் உறவினரும் நாட்குறிப்பு எழுதினர். ஜோன்ஸ் குழுவினர் அதனை ஐரோப்பிய நாடுகள் ஆறிலே 352 பேரிடம் சோதித்து 2010 இல் வெளியிட்டனர். நாட்குறிப்பைப் பெற்றோரில் புதிதாகப் பேரச்ச நோய் கண்டோர் நூற்றுக்கு 5 பேர். பெறாதோரில் 13 பேர்.

அதனை எழுதுவதற்குப் புலமை வேண்டாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் போதும். திகதியிட்டு, நோயாளியை நோக்கியே எழுத வேண்டும். “இன்று செவ்வாய்க்கிழமை. நீங்கள் இயந்திரத்தில் நான்காம் நாள். காலையில் மருந்தை நிறுத்தினார்கள். நீங்கள் கண் திறந்து சின்னத்தம்பியைப் பார்த்தீர்கள். உங்கள் கையைக் கட்டியிருந்தது குழாயைப் பிடுங்காமலிருப்பதற்கு. உங்கள் இடப்பக்கத்தில் யன்னல், வெளியே வேப்பமரம். மழை பெய்தது. பசு கன்று போட்டது.” இவ்வளவுதான். வீடு திரும்பி, சற்று உடம்பு தேறியபின், அவர் கேட்கும் நாளில் அதனை எடுத்துக் கொடுங்கள். தனியே வாசிக்க விடாது எழுதியவரே பக்கத்தில் அமர்ந்து வாசித்தல் நல்லது. கப்பல் என்று அவர் நினைத்திருந்தது எந்த ஓசை, கட்டிப் போட்டவன் என்று அஞ்சியது எந்த ஊழியர் என்று ஒவ்வொரு பக்கமாக அவர் கேட்பார். அதற்குப் பல மாலைப்பொழுதுகள் பிடிக்கும்.